தலைமை யார் என்று லிங்க்கைக் கேளுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பல் துலக்கிக்கொண்டே வாட்ஸ்அப்பைத் திறந்தேன். கெட்ட பழக்கம்தான்… உங்களுக்கு மட்டும் இல்லையா என்ன? அக்கா மகள் நித்யாவிடமிருந்து ஒரு லிங்க் வந்திருந்தது. ‘மாமா, என் கல்யாணப் பத்திரிகை. பாத்துட்டுச் சொல்லுங்க’ என்று கூடவே ஒரு வரி.

தட்டினேன். மஞ்சள் பின்னணி, உச்சியில் பிள்ளையார், இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘தலைமை’ என்று போட்டு – என் பெயர்.

வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

எத்தனையோ வருடமாக வாரா வாரம் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். என் பெயர் அச்சில் வருவது எனக்குப் புதிதில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் தலைமை என்று வருவதும் பத்திக்கு மேலே வருவதும் ஒன்றாகுமா? பத்தியை வாசகர் படிப்பார். பத்திரிகையைச் சொந்தக்காரன் படிப்பான், அதுவும் வயிற்றெரிச்சலோடு படிப்பான். அவ்வளவு கவனமாகப் படிக்கிற ஆள் எந்த எழுத்தாளனுக்குக் கிடைத்திருக்கிறான்?

வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய் மனைவியிடம் காட்டினேன். தாய்மாமன் என்றால் சும்மாவா, நித்யா முறை தெரிந்த பிள்ளை என்றெல்லாம் ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். அவள் மாவுக் கையைத் துடைத்துவிட்டுத் தன் போனை எடுத்துக் காட்டினாள். அதே பிள்ளையார், அதே வாழைமரம். தலைமை – அவள் பெயர்.

உடனே நித்யாவுக்கு போன் போட்டேன். அவள் சிரிக்கிற சிரிப்பிலேயே, இது தவறுதலாக நடந்ததில்லை என்று தெரிந்துவிட்டது.

நித்யா ஒரு சென்னை கம்பெனிக்கு அவனியாபுரத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற சாஃப்ட்வேர் இன்ஜினீயர். பைத்தான் என்கிற மொழியில் புரோகிராம் எழுதுகிறாள். (பாம்பு ஜோக் ஒன்றை இந்த இடத்தில் எதிர்பார்ப்பீர்கள். என் அக்கா அதை ஏற்கெனவே அடித்துவிட்டார், விட்டுவிடுங்கள்.) தன் கல்யாணத்துக்குத் தானே ஒரு வெப் ஆப் எழுதியிருக்கிறாள். அதுதான் இந்த லிங்க்.

“பேஜ் ஒண்ணுதான் மாமா. ஆளுக்கு ஒரு லிங்க்க அதுவே செஞ்சு குடுக்கும். லிங்க்கோட வால்ல யாருக்கு அனுப்புனதுன்னு இருக்கும். அத வச்சு மேல வர்ற பேர மாத்திக்கிரும்” என்றாள்.

அத்தனை பேருக்கும் உட்கார்ந்து கையால் லிங்க் எழுதினாயா என்று கேட்டேன். அதற்கும் சிரித்தாள். லிங்க்கை யாரும் கையால் எழுத மாட்டார்களாம். இன்ன பக்கம், இன்ன ஆள் என்று சொல்லிவிட்டால் புரோகிராமே முழு லிங்க்கையும் கட்டிக் கொடுத்துவிடுமாம். டைனமிக் லிங்க் என்று இதற்குப் பெயராம்.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வீடு போய், எதிரே நிற்கிறவரிடம் ‘நீங்கதான் எங்களுக்கு எல்லாம்’ என்று சொல்கிற வித்தையை நம் ஊரில் எத்தனையோ பேர் கம்ப்யூட்டர் இல்லாமலே செய்துகொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் பெயரெல்லாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த வரிசையும் கலைந்து கலைந்து வரும் என்றாள். யார் முன்னே, யார் பின்னே என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இவ்வளவு சூதானம் எதற்கு?

அதற்கு நீங்கள் அந்தக் குடும்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நித்யாவின் அப்பா தங்கராசு மச்சான் மூன்று வருடத்துக்கு முன்னால் தவறிப்போனார். அவருக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் பெரியகருப்பன் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். தம்பி முத்தையா அவனியாபுரத்தில் லேத் பட்டறை நடத்துகிறார். தங்கராசு மச்சான் இருந்தவரை இந்த இரண்டு பேரையும் நடுவில் நின்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் போனார். அடுத்த நாளே கண்ணீர் அஞ்சலி போர்டு வந்தது.

எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? பிறந்தநாளுக்கு போர்டு, காது குத்துக்கு போர்டு, பூப்புனித நீராட்டுக்கு போர்டு, பையன் புது பைக் வாங்கினால் போர்டு, செத்தால் போர்டு. அந்த போர்டை முத்தையா அடித்திருந்தார். அதில் அவர் கூலிங் கிளாஸ் போட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆளுயரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி செலுத்தினார். அண்ணன் பெரியகருப்பன் இடுப்பளவில் இருந்தார், பெயரும் தம்பி பெயருக்குக் கீழே. இறந்துபோன தங்கராசு மச்சான் மேல் மூலையில் ஒரு தபால்தலை அளவுக்கு இருந்தார். போர்டைப் பார்த்துவிட்டு, ‘யாருப்பா தவறுனது?’ என்று ஒருவர் என்னிடமே கேட்டார்.

கருமாதி அன்றைக்குப் பெரியகருப்பன் மச்சான் சாப்பிடாமல் எழுந்து போனார். அதோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. பேச்சுத்தான் நின்றதே தவிர குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு பேரும் இருந்தார்கள். தினமும் காலையில் ஆளுக்கொரு ரோஜாப்பூவோடு ‘இனிய காலை வணக்கம்’ போடுவார்கள். ஒருவர் பூவுக்கு மற்றவர் பதில் போட மாட்டார், அவ்வளவுதான்.

இப்போது நித்யாவுக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பெண்ணை அந்த வீட்டு வழக்கப்படி பெரியப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். பெற்றவள் கொடுக்கக் கூடாதா என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். அண்ணனும் தம்பியும் தனித்தனியாக, ஒரே மாதிரி, ‘வழக்கமில்ல’ என்றார்கள். மூன்று வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் இது.

“எங்க அப்பா எடத்துல ரெண்டு பேரும் நிக்கணும் மாமா. அவரு அவுகள அப்படித்தான் வச்சிருந்தாரு. பேரு முன்ன பின்ன வந்ததுக்காக ஒருத்தர் வராமப் போனா என்னால மணவறையில உக்கார முடியாது” என்றாள் நித்யா.

புரிகிறதா? அச்சடித்தால் ஒருவர் பெயர் இன்னொருவர் பெயருக்குக் கீழே வந்தே தீரும். காகிதத்துக்கு மேல், கீழ் உண்டு. அதனால்தான் அந்தப் பெண் காகிதமே இல்லாமல் செய்தாள். ஆளுக்கு ஒரு லிங்க், ஆளுக்கு ஒரு தலைமை. எனக்கு அவளைப் பாராட்டத் தோன்றியது. கூடவே கொஞ்சம் வருத்தமும் இருந்தது என்பதை மறைப்பானேன்… ஒரு கால் மணி நேரமாவது நான் தலைவனாக இருந்தேனே.

“அப்பாவுக்கு லிங்க் உண்டா?” என்று எதற்கோ கேட்டுவைத்தேன்.

“போன் நம்பர் இருக்குறவங்களுக்குத்தான் மாமா லிங்க்” என்றாள். குரல் லேசாக இறங்கியது. அமரர் தங்கராசு அவர்களின் ஆசியுடன் என்று எல்லோருடைய பத்திரிகையின் அடியிலும் ஒரு வரி இருந்தது. ஆளுக்கு ஆள் மாறாத ஒரே வரி அது. ஆகவே ஒருவரும் படிக்காத வரியும் அதுதான்.

ஒரு வாரம் குடும்பத்தில் அப்படி ஓர் அமைதி! பெரியகருப்பன் மச்சான் சோழவந்தான் டீக்கடையில் போனைத் தூக்கிக் காட்டாத ஆள் பாக்கியில்லை என்று கேள்விப்பட்டேன். முத்தையா பட்டறையில் கடைசல் எந்திரத்தை நிறுத்திவிட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாராம். இரண்டு பேரும் அக்காவுக்கு போன் செய்து, முறைப்படி செய்திருக்கிறாய் என்று மெச்சினார்கள்.

நித்யா ஒரே ஒரு விஷயத்தை எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். இந்த லிங்க் உங்களுக்கு மட்டும், ஃபார்வேர்ட் செய்ய வேண்டாம்.

நம்மாட்களிடம் போய்… ஃபார்வேர்ட் செய்ய வேண்டாம் என்று! தலைமை என்று தன் பெயர் போட்ட பத்திரிகையைத் தானே பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஒரு மனிதனால் முடியுமா? சென்னையில் எத்தனை பெரிய கம்பெனியில் வேலை பார்த்தாலும் இந்தப் பெண்ணுக்கு மனிதர்களைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டே என் லிங்க்கை நாலு குரூப்புக்கு அனுப்பினேன்.

பெரியகருப்பன் மச்சான் தன் லிங்க்கைக் குடும்ப குரூப்பில் போட்டார். முத்தையா பார்த்தார். அவர் கோபப்படவில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது. அண்ணன் லிங்க்கையும் தன் லிங்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் ஒன்றுபோல இருந்தது, வாலைத் தவிர. அண்ணன் லிங்க்கின் வாலில் 1. தன் லிங்க்கின் வாலில் 2.

அக்காவுக்கு போன் வந்தது. “பேர மேல போட்டுட்டு நம்பர்ல கவுத்திட்டீகளே மதினி. நான் ரெண்டுன்னா ஒண்ணு யாருன்னு எனக்குத் தெரியாதா?”

நித்யா தலையில் அடித்துக்கொண்டாள். அது சும்மா ஒரு நம்பராம். அம்மா சொல்லச் சொல்ல அவள் பெயர்களைப் பதிந்தபோது கம்ப்யூட்டர் தானாகப் போட்டுக்கொண்டதாம். பக்கத்தில் வரிசையே வரக் கூடாது என்று அத்தனை பாடுபட்டவள், லிங்க்கின் வாலைக் கவனிக்கவில்லை. அதை ஒருத்தர் பார்ப்பார் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

சும்மா ஒரு நம்பர் என்று எங்கள் ஊரில் எதுவும் கிடையாது அம்மணி! வண்டிக்கு ஃபேன்சி நம்பர் கேட்டு நிற்கிற ஊர் இது. அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் மாட்டுக்குக் கிடைத்த டோக்கன் நம்பரை வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் நடுவில் போய் 1, 2 என்று போடலாமா?

முத்தையா அத்தோடு விடவில்லை. வாலில் இருந்த 2-ஐ எடுத்துவிட்டு 3 என்று போட்டுப் பார்த்தார். அவருடைய பெரிய மதினி தலைமையில் கல்யாணம். 4 என்று போட்டார். வேறொருவர் தலைமை. இப்படியே போட்டுக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் அடுக்கிவிட்டார். அன்று மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துபோனது – எல்லோரும்தான் தலைமை, ஆகவே யாரும் தலைமை இல்லை.

நானும் அவசரமாக என் லிங்க்கை எடுத்து வாலைப் பார்த்தேன்.

பதினாலு.

தாய்மாமன். கூடப் பிறந்த தம்பி. பதினாலு! அக்காவுக்கு போன் செய்து அமைதியாகத்தான் கேட்டேன். அவர் அதைவிட அமைதியாக, ‘ஞாபகம் வந்த வரிசையிலதானடா சொன்னேன்’ என்றார். அது ஆறுதல் இல்லை என்பது அவருக்குப் புரியவே இல்லை.

நித்யா அன்று சாயங்காலமே நம்பரை எடுத்துவிட்டாள். வாலில் இனிமேல் அர்த்தமில்லாத எழுத்துக் குப்பைதான் வரும், ஒன்றும் இரண்டும் கண்டுபிடிக்க முடியாது என்று எல்லோருக்கும் புது லிங்க் அனுப்பினாள். ஆனால் பழைய லிங்க்குகள் செத்துப்போயின. பெரியகருப்பன் மச்சான் புது லிங்க்கைப் பார்க்காமல் பழையதையே டீக்கடையில் திறந்திருக்கிறார். பிள்ளையார் இல்லை. வாழைமரம் இல்லை. வெள்ளைத் திரையில் பெரிதாக 404 என்று மட்டும் வந்திருக்கிறது. அப்படி ஒரு பக்கமே இல்லை என்பதற்குக் கம்ப்யூட்டர் பாஷை அது. அவருக்கு எப்படித் தெரியும்?

“நேத்து வரைக்கும் நான் ஒண்ணு மாப்ள. தம்பிக்காரன் ஒரு சத்தம் போட்டான், இன்னிக்கு என்னையக் கொண்டுபோய் நானூத்தி நாலுல வச்சிட்டாக. அம்புட்டுத்தான் என் மருவாதி” என்றார் போனில். நான் விளக்கத்தான் பார்த்தேன். அழுகிற குரலில் பேசுகிற மனிதரிடம் எப்படி விளக்குவது? கல்யாணத்தன்று கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அங்கே முத்தையாவும், தான் முதலில் ரெண்டாக இருந்ததை யாரும் மறக்கப் போவதில்லை என்று முறுக்கிக்கொண்டு நின்றார்.

அக்கா வீட்டுக்குப் போனேன். நித்யா லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். “புரோகிராம்ல தப்புன்னா எந்த வரியில தப்புன்னு அதுவே சொல்லிரும் மாமா. இங்க எந்த வரியத் திருத்துறதுன்னே தெரியலை” என்றாள். பேசிப் பிழைக்கிறவன் நான்… சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து சிம்மக்கல்லில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிற பாண்டியிடமிருந்து போன். என் பத்தியைப் படிக்கிறவர். படித்துவிட்டுக் குறை மட்டும் சொல்லுகிறவர்.

“அண்ணே, ஒரே பொண்ணு, ஒரே மாப்பிள்ள, ஒரே மண்டபம். தலைமை மட்டும் ரெண்டு வந்துருக்கு. எத அடிக்க?”

விஷயம் இதுதான். பெரியகருப்பன் மச்சான், தான் ஒண்ணாக இருந்த காலத்து ஸ்கிரீன்ஷாட்டை ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பி, பத்தடிக்கு எட்டடி போர்டு அடிக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் முத்தையா நேரில் வந்து, தன் ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்து, பன்னிரண்டுக்குப் பத்து கேட்டிருக்கிறார். இரண்டும் மண்டப வாசலுக்கு. கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்கிறவர்களின் போர்டு மட்டும் வந்து நிற்கப் போகிறது!

நித்யாவையும் கூட்டிக்கொண்டு சிம்மக்கல்லுக்குப் போனேன். மொத்தக் கடைகளுக்குச் சரக்கு இறக்குகிற வண்டிகளுக்கு நடுவில் புகுந்து கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது. மானிட்டரில் இரண்டு டிசைனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே பெண் இரண்டு மேடையில் நிற்பதுபோல நித்யா இரண்டிலும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாண்டி கொஞ்ச நேரம் மவுசை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு நித்யாவைப் பார்க்காமலே சொன்னார். “ஒங்கப்பா போர்டும் நான் அடிச்சதுதாம்மா. போட்டோவச் சின்னதாக்குங்கன்னப்பவே மனசு கேக்கல. அவசரம்னாங்க, அடிச்சுக் குடுத்துட்டேன். இதையும் அடிச்சுக் குடுத்துட்டு நான் என்ன செய்ய?”

நித்யா மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். லிங்க் என்றால் மாற்றலாம், ஃபிளெக்ஸை ஒரு தடவை அடித்து மூங்கிலில் கட்டிவிட்டால் யாருக்காகவும் அது மாறாதே என்று நான் பெரிய கண்டுபிடிப்புப்போலச் சொன்னேன். பாண்டி, டீக்கடை போர்டுக்கே இப்போது கியூஆர் கோடு வைத்துத்தான் அடித்துக் கொடுப்பதாக ஏதோ பேச்சுக்குச் சொன்னார். அவள் சட்டென்று திரும்பினாள்.

ஒரு போர்டுதான். மேலே மணமக்கள் படம். அதற்குக் கீழே சுளகு அகலத்துக்கு ஒரு கியூஆர் கோடு. ‘இந்தத் திருமணத்துக்குத் தலைமை யார்? ஸ்கேன் செய்து பார்க்கவும்’ என்று ஒரு வரி. போர்டில் வேறு ஒருவர் பெயரும் கிடையாது. ஸ்கேன் செய்தால், பெயர் போடச் சொல்லி ஒரு கட்டம் வரும். எந்தப் பெயரைப் போடுகிறோமோ அந்தப் பெயருக்கு ஒரு லிங்க்கை அதுவே அங்கேயே செய்து, பத்திரிகையைத் திறந்து காட்டும். நம்பரும் இல்லை, வரிசையும் இல்லை. சமையற்காரர் பெயரைப் போட்டால் சமையற்காரர் தலைமை.

அண்ணன் தம்பிக்கு என்ன பதில் சொல்வது? அதைப் பாண்டி பார்த்துக்கொண்டார். மிஷினில் கோளாறு, முடிந்தால் கல்யாணத்தன்று விடிவதற்குள் கட்டிவிடுகிறேன் என்று இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நித்யாவின் அழைப்பு, அக்காவின் கண்ணீர், என்னுடைய சமாதான முயற்சி – இது எதற்கும் அசையாத இரண்டு பேரும் கல்யாணத்தன்று எல்லோருக்கும் முன்னால் மண்டபத்துக்கு வந்து நின்றார்கள். எதற்குத் தெரியுமா? தன் போர்டு வந்துவிட்டதா, அடுத்தவன் போர்டு வந்துவிடவில்லையே என்று பார்க்க!

சோழவந்தான் ரோட்டில் அந்த மண்டபம். பொழுது அப்போதுதான் புலர்ந்துகொண்டிருந்தது. மேளக்காரர்கள் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியகருப்பன் மச்சான் டூ வீலரில் வந்து இறங்கினார், பட்டு வேட்டி, தோளில் துண்டு. கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் பட்டு வேட்டியா கட்டுவார்? சற்றுத் தள்ளி, முத்தையா புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் அண்ணன் பெயரும் இல்லை, தம்பி பெயரும் இல்லை.

வாசலில் பன்னீர்ச் செம்போடு நான் நின்றுகொண்டிருந்தேன். இவர்கள் இப்படியே திரும்பிப் போய்விட்டால்?

பெரியகருப்பன் மச்சான் மெதுவாகப் போனை எடுத்து, போர்டுக்கு நேராகப் பிடித்தார். கட்டம் வந்தது. சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடி கொண்டு வரவில்லை. நான் உதவிக்குக் கையை நீட்டிக்கொண்டு போனேன். அவர் போனை என்னிடம் கொடுக்கவில்லை. பக்கவாட்டில் தம்பியிடம் நீட்டினார்.

“இதுல எப்படிடா பேரு போடுறது?”

மூன்று வருடத்தில் அவர் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை. முத்தையா போனை வாங்கிக்கொண்டார். என்ன நினைத்தாரோ, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “யாரு பேருண்ணே போடணும்?” என்று கேட்டார். அண்ணன் தன் பெயரைத்தான் சொல்லப் போகிறார் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

பெரியகருப்பன் மச்சான் போர்டில் சிரிக்கிற நித்யாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

“தங்கராசுன்னு போடு.”

முத்தையாவின் விரல் போனில் ஓடவில்லை. தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தார். பிள்ளையார் வந்தார், வாழைமரம் வந்தது. தலைமை – தங்கராசு. ஆள் இருக்கிறாரா, போன் நம்பர் இருக்கிறதா என்று அந்த ஆப் கேட்கவில்லை. பெயரைக் கொடுத்தார்கள், லிங்க்கைக் கட்டிக் கொடுத்துவிட்டது.

“அன்னிக்கு அவன மூலையில வச்சிட்டோம்டா” என்றார் பெரியகருப்பன் மச்சான். ‘நீ வச்சிட்டே’ என்று சொல்லவில்லை. முத்தையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பன்னீர்ச் செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நக்கல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த மாதிரிக் காலை நேரமெல்லாம் ஆகாது.

பிறகு முத்தையா என்ன செய்தார்? நம்மாட்கள் செய்வதைத்தான் செய்தார். அந்த லிங்க்கை எல்லா குரூப்புக்கும் ஃபார்வேர்ட் செய்தார். குடும்ப குரூப், பட்டறை குரூப், பங்காளிகள் குரூப், ஒன்று பாக்கியில்லை. மணமகள் அறையில் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்த நித்யாவின் போனுக்கும் அது போனது. அவள் அதைத் திறந்து பார்த்துவிட்டு அழுத அழுகையில் மேக்கப் போடுகிற அம்மாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. அந்த அம்மாள் எங்கள் குடும்பத்தையே திட்டித் தீர்த்தார். தாராளமாகத் திட்டட்டும்.

முகூர்த்தத்தில் அண்ணனும் தம்பியும் ஒன்றாக நின்று நித்யாவைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அக்கா தள்ளி நிற்கப் போனார். பெரியகருப்பன் மச்சான் அவரையும் கையைக் காட்டிப் பக்கத்தில் வரச் சொன்னார். வழக்கமில்லையே என்று யாரோ முணுமுணுத்தார்கள். அன்றைக்கு அதைக் கேட்க ஆளில்லை.

மற்றபடி எல்லாம் வழக்கம்போலத்தான். பந்தி முடிவதற்குள் அந்த மண்டபத்தில் தலைமை ஏற்காத ஆள் கிடையாது. மேளக்காரர் தலைமையில் ஒன்று, மாப்பிள்ளையின் நண்பர்கள் தலைமையில் பத்து, வாட்ச்மேன் தலைமையில் ஒன்று. பாண்டியும் வந்திருந்தார். தன் கடைப் பெயரைப் போட்டு, அந்த லிங்க்கை எனக்கே அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, முத்தையா அனுப்பிய லிங்க்கை இன்னொரு தடவை திறந்தேன். மேலே தங்கராசு மச்சான். நிறைவாக இருந்தது. அடியில் வரிசை கலைந்து கிடந்த பொடி எழுத்துப் பெயர்களில், என் பெயர் பதினாலாவதாக வந்திருந்தது.

ஒரே ஒரு தடவை ரிஃப்ரெஷ் செய்தேன்… சும்மாதான்.